லட்சம் மிஸ் கழித்த ஒன்று

ஒரு லட்சத்துக்குக் குறைந்த எண்ணை எண்ணாகவே மதிக்காத மனுஷி உலகத்தில் ஒருவர்தான். அவர் மஞ்சக்குப்பத்தில், ஒரு மாடி டியூஷனில், மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். அவருக்குச் சொந்தப் பெயர் இருந்திருக்கும். பிள்ளைகளுக்கும் எனக்கும் அவர் லட்சம் மிஸ். நான் அங்கே இங்கிலீஷ் எடுத்தேன். இருவரும் சிதம்பரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்துபோவோம்.

“ஏழும் எட்டும் எவ்ளோன்னு கேக்கறது புள்ளைய அவமானப்படுத்தறது சார்,” என்பார். “சின்ன நம்பர்ல தப்பு பண்ணா சிரிப்பாங்க. லட்சத்துல பண்ணிப் பாருங்க, பெரிய கணக்குப்பான்னு மரியாதையா ஒதுங்கிப்பாங்க.”

பயிற்சிக்குத் தெருவில் நிற்கும் வண்டி நம்பர்களை எழுதிவரச் சொல்வார். இரண்டு வண்டியை ஒட்டி எழுதினால் கோடியே வந்துவிடும். ஒரு நாள் பைக் சொந்தக்காரர் ஒருவர் பிள்ளைகளை மடக்கினார்.

“எதுக்குடா என் வண்டி நம்பர எழுதறீங்க?”

“எதிர்வூட்டு வண்டியிலேர்ந்து உங்க வண்டிய கழிக்கணும் மாமா.”

அன்று முதல் அவர் வண்டி வீட்டுக் கூடத்தில் நின்றது.

கடைசியில் கவினின் அம்மா, டியூஷன் நடத்தும் சாரிடமே போய்விட்டார். “ஸ்கூல்ல மூணு இலக்கந்தான் கேக்கறாங்க. இவுங்க லட்சம் லட்சமா போடறாங்க. எம் பையன் தூக்கத்துல பூஜ்யம் பூஜ்யம்ங்கறான்.”

சார் தீர்ப்புச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் முன்னால் மிஸ் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் திங்கள் முதல் வர வேண்டாம்.

மிஸ் எடுத்துக்கொண்டது, ஒரு லட்சத்தில் ஒன்றைக் கழிக்கும் கணக்கு.

“கொஞ்சம் சின்னதா வெச்சுக்கலாமே மிஸ்,” என்றேன் நான்.

“இதுக்குக் கீழ நம்பரே இல்லியே சார்.”

ஞாயிறு வந்தது. ஆறு பிள்ளைகள் சிலேட்டுடன் வரிசையாக நின்றார்கள். லட்சத்தின் இடத்தில் ஒன்றைப் பிடித்தபடி ஜெனிபர். மற்ற ஐந்து பேரிடமும் பூஜ்யம். கடைசியில் நின்ற கவின் ஒன்றைக் கழிக்க வேண்டும், கையில் ஒன்றுமில்லை. பக்கத்துப் பையனிடம் கேட்டான். அவன், “எங்கிட்டயும் இல்ல, இரு,” என்று தன் பக்கத்தில் கேட்டான். கோரிக்கை பூஜ்யம் பூஜ்யமாக ஏறி ஜெனிபரிடம் போய் நின்றது.

“தரமாட்டேன்,” என்றாள் ஜெனிபர். “கவின் என் ஷார்ப்னர மொதல்ல குடுக்கட்டும்.”

பெற்றோர் சிரித்துவிட்டார்கள். சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மிஸ் மட்டும் அதுவும் கணக்கில் ஒரு படி என்பதுபோலக் காத்திருந்தார். கவின் டவுசர் பையில் துழாவி ஷார்ப்னரை எடுத்தான். அது நான்கு பூஜ்யங்களின் கைமாறி லட்சத்தைச் சேர்ந்தது.

ஜெனிபர் தன் ஒன்றை அழித்துக் கொடுத்தாள். பக்கத்துப் பூஜ்யம் பத்தாகி, ஒன்பதை வைத்துக்கொண்டு ஒன்றைத் தள்ளிவிட்டது. அடுத்ததும் அப்படியே. கவினுக்குப் பத்து வந்ததும் ஒன்றைக் கழித்தான். வரிசை முழுக்க ஒன்பது.

கவினின் அம்மாதான் எழுந்தார். “அதனாலதான் ஒம்போதா மிஸ்? எங்க டீச்சர் சும்மா ஒம்போது போடும்பாங்க. நானும் இன்னி வரைக்கும் சும்மாதான் போட்டுட்டிருக்கேன்.”

சார் அதற்குப் பிறகு திங்கட்கிழமையைப் பற்றிப் பேசவே இல்லை.

அன்று பஸ்ஸில், புதுச்சத்திரம் தாண்டும் வரை மிஸ் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “ஒருத்தவங்களுக்குப் புரிஞ்சிடுச்சி சார்.”

வெறும் ஒருவர்தானே மிஸ் என்று அவருடைய கணக்கிலேயே அவரை மடக்கியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்தபின் எனக்கு மனசு வரவில்லை.