நடுவில் வந்த வியட்நாம்

சிபு, சரவாக்.

எல்லைக்கு அந்தப்பக்கம் பஞ்சார்மாசினில் பலகை ஆலை நடத்தும் என் வருங்காலச் சம்பந்தி ஹாஜி ஷாஹ்ரானி அவர்களுக்கு, பலகைக்கடை சபாவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அனைவரும் நலம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும், என்மேல் உள்ள கோபம் ஒன்றைத் தவிர.

நிச்சய விருந்தன்று நடந்ததை நான் சொல்கிறேன், கேளுங்கள். நம் இருவர் மலாய்ப் பேச்சும் ஒன்று என்று நம்பிப் பேசியது என் தப்பு. 'பெர்ச்சுமா' என்றால் எங்கள் ஊரில் இலவசம். அந்த நினைப்பில்தான், "பிள்ளைங்க வீட்டுக்கு வேணுங்கிற பலகை மொத்தமும் நம்ம கடையிலேர்ந்து பெர்ச்சுமா, ஹாஜி" என்றேன். நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள்.

"பலகை மட்டும்தான் பெர்ச்சுமாவா, சம்பந்தமே பெர்ச்சுமாவா?"

"நமக்குள்ள என்னங்க கணக்கு? எல்லாமே பெர்ச்சுமாதான்" என்று நான் சிரித்தேன். என் மனைவியும் சிரித்தாள். உங்கள் பக்கத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

உங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு 'வீண்' என்று அர்த்தமாம். என் மகள் நோர்சியா மறுநாள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். சரி, சொல் போகட்டும், அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் மீன் குழம்புக்கு நடுவே கைப்பேசியை நீட்டி, "யாரு சரக்கு பெர்ச்சுமான்னு நீங்களே பாருங்க" என்று நம் இரண்டு நாட்டுப் பலகை ஏற்றுமதியையும் கோடு போட்ட படமாகக் காட்டினீர்களே, அதை என்னால் விழுங்க முடியவில்லை, ஏனென்றால் உங்கள் சிவப்புக் கோடு மலைமாதிரி நிற்கிறது, எங்கள் நீலக் கோடு சாக்கடைமாதிரி ஓடுகிறது, தொடங்கின வருஷமோ தொண்ணூறுகள், அதாவது உருட்டு மரம் வெளியே போகக்கூடாது என்று தடுத்து, ஆலைமேல் ஆலை வைத்து, பிளைவுட்டில் உலகத்தையே நீங்கள் அடித்த நேரம், அப்போது எங்களுக்கு வயிறு எரிந்ததை ஒத்துக்கொள்கிறேன், அதற்குமுன் நீங்களும் எங்களைப்போல மரத்தை அப்படியே கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் படத்தில் எங்கே போனது, பிறகு உங்கள் காடு இளைத்துக் கோடு சறுக்கியபோது ஜப்பான்காரன் பலகை கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தானே, அது எங்கே, மரநாரை அழுத்தி நாங்கள் செய்யும் எம்.டி.எஃப். பலகை எங்கே, அதைச் சேர்த்தால் எங்கள் கோடும் நிமிரும் என்று தெரிந்துதானே விட்டீர்கள்? உங்கள் மகனை நாற்காலிமேல் ஏற்றி, என் மகளைத் தரையில் நிறுத்திப் படம் எடுத்து, பெண் குள்ளம் என்று சொல்வதுமாதிரி இருக்கிறது இது. நானும் படகில் பலகை சுமந்து கடை வைத்தவன், ஹாஜி. எந்த இடத்தில் அளவுகோலை வைத்தால் பலகையின் தடிமன் கூடுதலாகக் காட்டும் என்று எனக்கும் தெரியும்.

போகும்போது, "கல்யாணத்தைப் பத்தி யோசிச்சுச் சொல்றோம்" என்றீர்கள். நானும் யோசித்துவிட்டேன். எம்.டி.எஃப்.ஐச் சேர்த்து, தொடக்க வருஷத்தைத் தொண்ணூறுகளுக்கு முன்னால் கொண்டுபோய், திருத்திய படம் வந்தால்தான் பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ். வராவிட்டால் தேதி இல்லை. நோர்சியா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அப்படியும் நான் இறங்கி வருவதாக இல்லை.

உங்கள் குடும்பத்துக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளையும், உங்களுக்கு நேர்மையான ஒரு கோட்டையும் தரட்டும்.

இப்படிக்கு,
சபாவி பின் டிரஹ்மான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. புது வீட்டு அலமாரிக்காக உங்கள் மகன் ரிசானியும் என் மகளும் பேசிவைத்து வாங்கிய பலகையாம். பின்பக்க முத்திரையைப் பார்த்தேன். வியட்நாம்.

"என்னடி இது?"

"உங்க பலகைய வாங்கினா ஹாஜி மாமா கோவிச்சுக்குவாரு. அவரு பலகைய வாங்கினா நீங்க குதிப்பீங்க. அதான்ப்பா நடுவுல வியட்நாம்."

ஹாஜி, தேதி அப்படியே இருக்கட்டும். கோட்டை எந்த வருஷத்தில் வேண்டுமானாலும் தொடங்கிக்கொள்ளுங்கள், எம்.டி.எஃப்.ஐயும் விட்டுவிடுங்கள். அடுத்த விமானத்தில் வந்துமட்டும் விடுங்கள். அந்தப் பலகையைத் தட்டிப் பார்த்தேன், வளைத்துப் பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். குறை ஒன்றும் அகப்படவில்லை. நீங்களாவது ஒருமுறை தட்டிப் பாருங்கள்.