அமெரிக்கக் காட்டில் நான் போட்ட வேலி

யாழ்ப்பாணத்தானுக்கு வெறும் காணியைக் காட்டக் கூடாது. காட்டினால் முதலில் எல்லை எது என்று கேட்பான். பிறகு வேலி போடுவான். லண்டன் மோர்டனில் வீடு திருத்தும் வேலை செய்யும் நான் இந்த வியாதி முற்றிய ஆள். இதை நான் ஒப்புக்கொள்ளவே பல வருடம் பிடித்தது.

என் மகள் மதுரா படித்தது ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில். (பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துத்தான் அந்த இடம் கிடைத்தது. அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை.) அதை நடத்தும் சபையின் கன்னியாஸ்திரிகள் மூன்று பேர் ஒரு காலத்தில் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய், ஆள் நடமாட்டமில்லாத காட்டோரத்தில், மரக்குற்றிகளை அடுக்கி ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்களாம். அதைச் சின்ன மாதிரியாகச் செய்துவரும்படி பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

மதுராவுக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை என்று ரிப்போர்ட்டில் வருடாவருடம் எழுதுவார்கள். அந்தமுறை அவளுடைய மாதிரியைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். திங்கட்கிழமை, பெற்றோர் எல்லாரும் பார்த்திருக்க, சபையின் மூத்த சிஸ்டருக்கு அதை அவளே விளக்க வேண்டும். ஒரு கிழமையாக, ஏழு நாளும், குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள்.

கடைசி வேலைகளுக்காக மாதிரி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. ஞாயிறு பின்னேரம் டான்ஸ் வகுப்புக்குப் புறப்படும்போது சொன்னாள்: "அப்பா, இதிலை கை வைக்கக் கூடாது, ஓகே?"

"ஓம் ஓம், நான் ஏன் தொடப்போறன்?"

ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தேன். ஐஸ்கிறீம் குச்சியில் பள்ளிக்கூடம். பக்கத்தில் சிஸ்டர்மாரின் குடில். வாசலை நோக்கி நடந்துவரும் ஏழு களிமண் பிள்ளைகள். சுற்றிலும் இவ்வளவு பெரிய வளவு, ஒரு வேலி இல்லை.

விளக்குமாற்றில் பாதி ஈர்க்கை உருவினேன். சூப்பர் குளூவை எடுத்தேன். நாலு பக்கமும், கூரை உயரத்துக்கு, ஒரு கோழி புகுந்துவிடாத நெருக்கத்தில் வேலி. பள்ளிக்கூடத்துக்கும் குடிலுக்கும் நடுவிலும் ஒன்று. (நாளைக்கு எல்லைப் பிரச்சினை வந்தால் யார் பதில் சொல்வது?)

மதுரா வந்து பார்த்தாள்.

"அவையள் வேலி போடேல்லை, அப்பா."

"காட்டுக்குள்ளை மூண்டு பொம்பிளையள் வேலியில்லாமல் எப்பிடி இருக்கிறது?"

"ஆரும் உங்களைக் கேட்டவையே?" என்றாள் என் மனைவி சாந்தி. மதுரா அழத் தொடங்கினாள். நான் வேலியைப் பிடுங்கப் பார்த்தேன். மாதிரியின் புல்வெளியும் சேர்ந்து கிளம்பியது; அப்படியே விட்டுவிட்டேன். என் வேலைக்கு உத்தரவாதம் உண்டு என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது பொய்யில்லை.

மறுநாள் மண்டபத்தில் மூத்த சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். மதுரா எழுதி ஒட்டியிருந்ததை உரக்க வாசித்தார்: "வருகிற எந்தப் பிள்ளைக்கும் இந்தப் பள்ளிக்கூடம் திறந்தே இருந்தது."

பிறகு நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகு. ஆனால் இந்தப் பிள்ளைகள் எப்படி உள்ளே போவார்கள்?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். வேலிக்குப் படலை, அதுதான் கேட், வைக்க மறந்துவிட்டேன். ஏழு களிமண் பிள்ளைகளும் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.

மதுராவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றத்தில், பதினெட்டு வருடம் தொழில் செய்த என் வாய் தானாகப் பேசியது: "கேட் அடுத்த கிழமை வரும், சிஸ்டர்."

மண்டபமே சிரித்தது. என்னிடம் சமையலறை கட்டுவித்த ஒருவர் மற்றவர்களைவிட அதிக நேரம் சிரித்தார். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

முதலில் கண்ணீரும் பிறகு சிரிப்புமாக மதுரா பென்சில் பெட்டியிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தாள். வாசலுக்கு நேரே வேலியைக் கறுக் கறுக்கென்று வெட்டினாள். "இந்த வேலி என் அப்பாவுடையது. சிஸ்டர்மார் வேலி போடவில்லை. யார் வருகிறார்கள் என்று பார்க்க அவர்களுக்கு ஆசை" என்றாள், பின்வரிசைக்கும் கேட்கும்படி. அதன் பிறகு அவள் நிறுத்தவில்லை. வெட்கத்தில் குனிந்திருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெட்டிய வேலியோடேயே அந்த மாதிரி பள்ளிக்கூட முன்மண்டபத்துக் கண்ணாடி அலுமாரிக்குப் போனது.

இன்றைக்கு மதுரா ஆசிரியை. வெஸ்ட் ஈலிங்கில் வீடு வாங்கியிருக்கிறாள். நான் எதையாவது திருத்தப் போனால், "கேட் அடுத்த கிழமையோ அப்பா?" என்பாள். சாந்தி இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு லண்டனில் இல்லை.

போன மாதம் சாப்பாட்டு மேசையில், தான் ஒருவரை விரும்புவதாக மதுரா சொன்னாள். நான் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். ஆர் பெடியன், எந்த ஊர், ஆரின்ரை மகன் என்று கேள்விகள் தொண்டைவரை வரிசையாக வந்து நின்றன.

"அப்பா" என்றாள் மெதுவாக. "படலை."

கேள்விகளை விழுங்கிவிட்டு, கரண்டியை எடுத்தபடி, "ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லு" என்றேன்.