ஓய்வெடுக்கப் போய் நோயாளியான கதை

நான் படுத்த படுக்கையா ஆயிட்டேங்கிற சேதி எனக்கே மத்தவங்க சொல்லித்தான் தெரியும்.

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. சும்மா இருக்கணும்.

மறுநாள் போலீஸ் வேலைக்கு ஓட்டத் தேர்வு. எங்க வீட்ல முதல் டிகிரி நான். முதல் கவர்மெண்ட் சம்பளமும் என் ரெண்டு காலை நம்பித்தான் இருந்துச்சு. கிரவுண்ட்ல பயிற்சி குடுக்குற அண்ணன் கண்டிப்பாச் சொல்லிட்டாரு: "மாப்ள, இன்னைக்கு ஓடாத, நடக்காத. படு. இன்னைக்கு ஓய்வு குடுத்தாத்தான் நாளைக்குக் கால் ஓடும்."

நான் சொன்ன பேச்சு கேக்குறவன். காலையில பத்து மணிக்கே பாயை விரிச்சுட்டேன்.

அவனியாபுரத்துல வேலை இல்லாத பையன் பகல்ல கால் நீட்டிப் படுத்தா, ஒண்ணு காய்ச்சல், இல்ல காதல். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாப் பாத்துச்சு. அரை மணி நேரத்துல பிரெட்டோட வந்துருச்சு.

"தம்பி படுத்த படுக்கையாக் கிடக்காம்ல?"

"நல்லாத்தான்க்கா இருக்கேன். ரெஸ்ட்டு எடுக்கச் சொன்னாங்க."

"அய்யோ, ரெஸ்ட்டு எடுக்கச் சொல்ற அளவுக்கு ஆயிருச்சா!"

பின்னாலயே நாலு பேரு. அம்மா அடுப்படியில இருந்து கத்துச்சு: "காபிக்குப் பால் இல்ல. சும்மாதான படுத்திருக்க, போயிட்டு வா!"

நோயாளியைப் பாக்க வந்தவங்களுக்கு நோயாளி நானே மூணு தடவை பால் வாங்கப் போனேன்.

மதியம் அத்தை போன். "ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்யா. உன்னையப் பாக்கத்தான் வாரேன். வழி தெரியல, வந்து கூட்டிட்டுப் போ."

போனேன்.

"எந்திரிச்சு நடமாடுற அளவுக்குத் தேறிட்டியா?"

"எனக்கு ஒண்ணுமே இல்லத்தை."

"அப்ப இந்தச் சாக்கைத் தூக்கு."

உள்ள பன்னெண்டு இளநீர். எனக்காகத்தான்! பஸ்ல எங்க ஏரியாவுக்கு வந்து இறங்குனா, சாக்கைப் பாத்த ஷேர் ஆட்டோ ஒண்ணுகூட நிக்கல. ரெண்டு ஸ்டாப் தூரம் தோள்லயே தூக்கிட்டு நடந்தேன். அத்தை பின்னாலயே வந்துச்சு: "அம்புட்டு வேகமாப் போகாதய்யா, உடம்பு தாங்காது!"

மறுநாள் கடைசிச் சுத்துல கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுச்சு. நேரம் முடிஞ்சு விசில் ஊதுறப்ப கோட்டுக்கு இந்தப் பக்கம் குப்புறக் கிடந்தேன். வேலை போச்சு.

"நேத்து என்னடா பண்ணுன?"ன்னாரு அண்ணன்.

பொய் சொல்ல வாய் வரல. "இளநீர் தூக்குனேண்ணே."

அதுக்கப்புறம் மூணு நாள் நிஜமாவே கால் ஊன முடியல. ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல.

ஏன்னு பின்னால ஒவ்வொருத்தரா விசாரிச்சேன். அக்கா, அத்தை, அந்த நாலு பேரு, எல்லாருக்கும் ஒரே பதில்:

"அதான் முந்தின நாளே வந்து பாத்தாச்சேப்பா!"