எட்டாயிரத்து எட்டுக்கு ஒரு பெட்டி

மனிதர்களில் பெட்டிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. மூட்டை முடிச்சு தூக்குபவர் என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுபவர். எட்டு என்ற எண்ணை வெறும் எட்டாக விட அவருக்கு மனசு வராது. இடுப்பில் துணியில்லாமல் நடுத்தெருவில் நிற்கும் பிள்ளையைக் கண்டதுபோல் பதறி, அதற்கு ஒரு கிளாஸ் எழுதுவார். கிளாஸ் என்றால், எண்ணை உள்ளே வைத்து மூடும் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு ஒரு பெட்டி, எடைக்கு ஒரு பெட்டி, ஆமாம், இல்லை இரண்டுக்கும் ஆளுக்கொரு பெட்டி, அப்புறம் இத்தனை பெட்டிகளையும் வைக்க ஒரு பெட்டி. மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். "எந்த வகையில வேணும்?" என்பார். உங்கள் பஸ் போயிருக்கும்.

இதனால் என்ன லாபம் என்று எதிர்வீட்டுப் பெட்டிக்காரரிடம் ஒருமுறை வாய் தவறிக் கேட்டேன்.

"சார், வெறும் எண்ணுன்னா அதுக்கு ஏதாவது மதிப்பு இருந்தே ஆகணும். பெட்டின்னா காலியாவும் இருக்கலாம்."

காலிப் பெட்டிக்கு இவ்வளவு சந்தோஷப்படும் மனிதரை நான் பார்த்ததில்லை.

போன ஞாயிறு காலையில் அவர் தன் வீட்டு வாசல் கதவுக்கு எண் பூட்டு ஒன்றைப் பொருத்தி, அதற்கு நிரலும் தானே எழுதினார். ரகசிய எண் எட்டாயிரத்து எட்டு. மனைவிக்கு அவர் அதைச் சொல்லிக்கொடுத்தது மாடிப்படி முழுக்கக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குப்பை போட வெளியே வந்தார். இவரும் லேப்டாப்போடு பின்னாலேயே வந்தார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இரண்டு வயது மகள் தூங்குகிறாள். மனைவி எண்ணை அழுத்தினார். சிவப்பு விளக்கு. மறுபடியும் அழுத்தினார். சிவப்புதான். சத்தம் கேட்டு நானும் வந்தேன்.

"என்னங்க, எட்டாயிரத்து எட்டுதானே?"

"அதேதான். ஆனா நீ அழுத்துனது ஒரு பெட்டி, நான் வச்சிருக்கிறது வேற பெட்டி. ரெண்டும் ஒரே பெட்டியான்னு கதவு பாக்குது. இல்லைங்குது. கரெக்டாத்தான் சொல்லுது."

"உள்ள பாத்தா ரெண்டும் ஒண்ணுதானேங்க?"

"உள்ள பாக்கக் கூடாதுன்னுதானே பெட்டியில போட்டிருக்கேன்?"

பால் தீயும் நாற்றம் வந்தது. அவர் படியில் உட்கார்ந்து, பெட்டிகளை ஒப்பிடுவதற்கென்று புதிதாக ஒரு பெட்டி செய்ய ஆரம்பித்தார். மனைவி தரையோடு தரையாகப் படுத்து, கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்தினார். "குட்டிம்மா, எந்திரிடா. கைப்பிடியைக் கீழ இழு."

குட்டிம்மா எழுந்து வந்து கைப்பிடியில் தொங்கினாள். கதவு திறந்தது. ஒரே புகை. தாய் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அடுப்பை அணைத்தேன். பெட்டிக்காரர் என்ன செய்தார்? "உள்பக்கம் பாதுகாப்பே இல்ல" என்று, கைப்பிடியை மூடி ஒரு பெட்டி போட்டார்.

அன்று சாயங்காலமே மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

"எப்ப வருவ?" என்று இவர் போனில் கேட்டாராம்.

"பதில் இருக்குங்க. பெட்டியில போட்டு வச்சிருக்கேன்."

மனிதர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. பெட்டி காலியாகவும் இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? பாவமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நிரல் எழுதத் தெரியாதவருக்கு இந்த வியாதி வராது என்று யார் சொன்னது? உங்கள் டிவி ரிமோட் இன்னமும் வாங்கியபோதிருந்த பிளாஸ்டிக் உறைக்குள்தானே கிடக்கிறது? அதுகூடப் போகட்டும். கோபம் போயிடுச்சா என்று நேற்று வீட்டில் கேட்டார்களே, ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொன்னீர்களா?