நடவடிக்கை எடுக்கப்படும்

தலையைத் தூக்காமல் பேசுவது கண்காணிப்பாளரின் நெடுநாள் வழக்கம். குடிநீர் அலுவலகத்தின் புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே நரைத்தவர் அவர். வெளியே எந்தக் குரல் எந்தக் குறையைச் சொன்னாலும், மேசையைப் பார்த்தபடியே, "நடவடிக்கை எடுக்கப்படும்" என்பார். குரல் நகர்ந்துவிடும், அடுத்த குரல் வரும். ஓய்வுபெற்ற பிறகும் வழக்கம் அவரை விடவில்லை.

"சமையலறைக் குழாய் ஒழுகுதுங்க," என்றார் மனைவி.

"நடவடிக்கை எடுக்கப்படும்."

"எப்போ?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. பதிலாக, கடல் கடந்த ஒரு நாட்டில், குழந்தைகளின் கோடை முகாமில் ஆங்கிலம் கற்பிக்கத் தொண்டர்கள் தேவை என்ற அறிவிப்பைப் படித்துக் காட்டினார். வேற்று நாட்டுப் பிள்ளைகள் எதற்குச் சிரிப்பார்கள், எதற்கு அழுவார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசையாக இருந்தது.

"உள்ளூர்க் குழாயை விட்டுட்டு வெளிநாட்டுக்குப் போறீங்களாக்கும்! போய்ட்டு வாங்க. அங்கேயாவது யாராவது உங்களை நிமிர வைக்கிறாங்களான்னு பார்ப்போம்."

முகாம், மரங்கள் சூழ்ந்த ஒரு பழைய கட்டடம். தலைவி நன்றாக ஆங்கிலம் பேசுபவர். பிள்ளைகளுக்கோ தங்கள் தாய்மொழி மட்டுமே தெரியும். கண்காணிப்பாளர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர்கள் மரியாதையாகப் புன்னகைத்தார்கள். அவரும் புன்னகைத்தார். முதல் சில வகுப்புகள் இவ்வாறு புன்னகையிலேயே முடிந்தன.

"சார், கடைசி நாள் பெத்தவங்க வருவாங்க," என்றார் தலைவி. "பிள்ளைங்க அவங்க முன்னாடி நாலு வார்த்தை இங்கிலீஷ்ல பேசணும். பேசலேன்னா அடுத்த வருஷம் யாரும் அனுப்ப மாட்டாங்க. முகாமை மூடிட வேண்டியதுதான்."

அன்று உணவுக்கூடத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"சாப்பிடுங்க சார், ஆறிடப் போகுது," என்று தமிழில் ஒரு குரல் கேட்டது. முகாமின் சமையல்காரம்மா.

"அட, தமிழா! எந்த ஊரும்மா?" என்றார், தட்டைப் பார்த்தபடியே.

"அப்புறம் சொல்றேன் சார். உங்களுக்கு நல்லா வர்றது எதுவோ, அதைச் சொல்லிக்குடுங்க. பசங்க பிடிச்சுக்குவாங்க."

நல்ல யோசனை. தமக்கு நன்றாக வருவது எது என்று எண்ணிப் பார்த்தார். ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் ஒரு மேசையை ஜன்னலாக்கி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, புகார் சொல்லும் விளையாட்டைத் தொடங்கினார். வகுப்புக்கு உயிர் வந்துவிட்டது. குறை சொல்லும் ஆசை எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவானது போலும். மாலைக்குள் முகாமே தலைவியிடம் ஆங்கிலத்தில் முறையிட்டது. அவர்கள் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படியிருக்கும்:

"அம்மையீர், தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில், சூப் ஆறிவிட்டது."

"அம்மையீர், மேற்படி தலையணை தட்டையாக உள்ளது."

தலைவி ஓடி வந்தார். "பேசுறாங்க, சந்தோஷம் சார். ஆனா என் மூக்கு பெருசா இருக்குன்னு ஒரு பொண்ணு வரிசையில நின்னு புகார் குடுக்குறா! பெத்தவங்க இதைக் கேட்டா என்ன ஆகும்?"

"கவலைப்படாதீங்கம்மா. புகாருக்குப் பதில் சொல்லவும் சொல்லிக்குடுத்துடுறேன்."

சொல்லிக்கொடுத்தார். அது இன்னும் வேகமாகப் பற்றிக்கொண்டது. மறுநாள் காலை, "படுக்கையை மடிச்சு வையுங்க," என்றார் தலைவி. பிள்ளைகள் அனைவரும் தரையைப் பார்த்தபடி, ஒரே குரலில், "நடவடிக்கை எடுக்கப்படும்," என்றார்கள். படுக்கைகள் கிடந்தபடி கிடந்தன. பல் துலக்கச் சொன்னாலும் அதே பதில். குளிக்கச் சொன்னாலும் அதே குனிந்த தலைகள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துத் தன் முகத்தையே கண்ட சிங்கத்தைப் போலக் கண்காணிப்பாளர் திகைத்து நின்றார்.

"இப்படியே போனா, பெத்தவங்க வர்ற அன்னிக்கே கதவைச் சாத்த வேண்டியதுதான்," என்றார் தலைவி.

அவர் அவசரமாக வகுப்பைக் கூட்டினார். "சொன்னா மட்டும் போதாது. சொன்னதைச் செய்யவும் வேண்டும்," என்று சைகைகளோடு விளக்கினார்.

இரட்டைச்சடைச் சிறுமி ஒருத்தி கை தூக்கினாள். "ஐயா, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது."

"நடவடிக்கை எடுக்கப்படும்."

"எப்போது?"

வகுப்பு முழுவதும் அவரையே பார்த்தது. வேறு வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். ஸ்பானர் கேட்டு வாங்கினார்.

அதோடு முடிந்தால்தானே! அன்று முதல் புகார்கள் பெருகின. தொட்டி மூடி உடைந்திருக்கிறது, சாக்கடை அடைத்திருக்கிறது, பின்கட்டுக் குழாயில் வாஷர் தேய்ந்திருக்கிறது. கண்காணிப்பாளருக்கு ஒரு வியப்பு. பூனைக்கு ஆங்கிலத்தில் என்னவென்று தெரியாத பிள்ளைக்கு வாஷர் எப்படித் தெரிந்தது? எல்லாப் புகாரும் தண்ணீரையே சுற்றிச் சுற்றி வருவானேன்? கேட்டால் பிள்ளைகள் மரியாதையாகப் புன்னகைத்தார்கள்.

யோசிக்க நேரமில்லை. அவர் குழாயடியில் குனிந்திருக்க, பிள்ளைகள் சூழ்ந்து நின்று, "பிடி", "திருப்பு", "இன்னும் கொஞ்சம்", "ஐயோ, என் சட்டை!" என்று ஆங்கிலத்தில் கத்தினார்கள். பாடம் என்று எவரும் சொல்லாமலே பாடம் நடந்தது.

கடைசி நாளன்று பெற்றோர் வந்தார்கள். இரட்டைச்சடை தன் தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "இது ஒழுகியது. ஐயாவும் நானும் சரிசெய்தோம். இப்போது ஒழுகவில்லை," என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். தாய் குழாயைத் திறந்தாள், மூடினாள், மகளைக் கட்டிக்கொண்டாள். அடுத்த கோடைக்கு அப்போதே பெயர் கொடுக்கப் பெற்றோர் தலைவியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

எல்லோரும் போன பிறகு, சமையல்காரம்மா வந்து நின்றார்.

"சார், இன்னும் ஒண்ணு பாக்கி. என் சமையலறைக் குழாய்ல தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வருது."

வழக்கமான பதில் நாக்கின் நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனார். துருப்பிடித்த குழாய் முரண்டு பிடித்தது. கழற்றி, அடைப்பை எடுத்து, வாஷரை மாற்றி மாட்டினார். திருகியதும் தண்ணீர் சடசடவென்று கொட்டியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து, அவருடைய முகத்தை முதன்முறையாகப் பார்த்தார்.

"இப்போ சரியா இருக்காம்மா?"

சமையல்காரம்மா ஓடும் தண்ணீரில் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"நல்லா இருக்கு சார். பசங்களுக்கு ஒவ்வொரு புகாரா சொல்லிக்குடுத்து அனுப்புனதே நான்தான். தெருக்குழாய்ல தண்ணி வரலேன்னு நம்ம ஊர்ல உங்க ஜன்னல் முன்னாடி நின்னு நின்னு பார்த்துட்டு, ஆகாதுன்னுதான் நாட்டை விட்டே வந்தேன். அன்னிக்கு எடுக்குறேன்னீங்களே நடவடிக்கை, அது இன்னிக்குத்தான் சார் வந்து சேர்ந்திருக்கு!"