கயிற்றில் இறங்கிய சாமி

நாடகக் கவிஞன் எவாகோன் ஒரு சபதம் எடுத்திருந்தான். சவரக்கடையில், பாதித் தாடி வழித்த நிலையில், ஏதென்ஸ் ஊரே கேட்கும்படி எடுத்த சபதம். தன் நாடகத்தின் கடைசிக் காட்சியில் இனி எந்தச் சாமியும் இறங்காது.

கவிஞர்களுக்குக் கதையைச் சிக்கலாக்கத் தெரிகிறது, அவிழ்க்கத் தெரியவில்லை. உடனே கிணற்று ஏற்றம் மாதிரி ஒரு மரத்தை நட்டு, கயிறு கட்டி, கூரைக்கு மேலே ஒரு சாமியைத் தொங்கவிடுகிறார்கள். நீ இவளைக் கட்டிக்கொள், நீ அந்த ஊருக்குப் போ என்கிறது சாமி. எல்லோரும் தலையாட்ட, நாடகம் முடிகிறது. அதுவரை நியாயம் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் வாய் அந்த நொடியே அடைபடுகிறது. இதெல்லாம் ஒரு முடிவா, கையாலாகாதவன் வேலை என்றான். சரியாகத்தான் சொன்னான். சொன்னதோடு நின்றிருக்கலாம்.

இப்போது அவன் எழுதும் நாடகத்தில் ஒரு ராணி, கேள்வி மேல் கேள்வி கேட்டு ராஜாவை மடக்கிவிட்டாள். ராஜா என்ன பதில் சொல்வான் என்று எழுதியவனுக்கே தெரியவில்லை. அமாவாசைக்குள் முடிவை எழுதிப் பாட்டுக்குழுவிடம் கொடுத்தாக வேண்டும். தவறினால் வசந்த விழாவில் அவன் இடம் வேறொருவனுக்குப் போய்விடும். இந்த நேரம் பார்த்துத்தான் மனைவி நிகாரெதே மூட்டை கட்டத் தொடங்கினாள்.

பயிர் காக்கும் தெமீத்தர் அம்மன் விழா. வருஷத்துக்கு ஒருமுறை கல்யாணமான பெண்களெல்லாம் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, குன்றின் மேல் கொட்டகை கட்டி மூன்று நாள் தங்குவார்கள். ஆண் வாடையே ஆகாது. போகாதே என்று சொல்ல எந்தக் கணவனுக்கும் வாய் கிடையாது. மிச்ச நாளெல்லாம் தண்ணீர்க் குடமும் தறியும்தான் என்று ஆன பிறகு, அந்த மூன்று நாளிலும் கை வைக்க ஒருவனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

எவாகோனுக்கு அந்தத் துணிச்சல் வந்ததற்குக் காரணம் இருந்தது. நிகாரெதே இல்லாத வீட்டில் அவனுக்கு ஒரு வரிகூட ஓடாது. அவள் தறியில் உட்கார்ந்திருப்பாள், அவன் எழுதியதை வாசிப்பான். வரி நொண்டினால் அவள் கை நின்றுவிடும். அவன் அடித்துவிட்டு வேறு எழுதுவான். கல்யாணமானதிலிருந்து இப்படித்தான். இதை அவளிடமே சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் நீ இல்லாமல் எனக்கு எழுத வராது என்று பெண்டாட்டியிடம் ஒப்புக்கொள்வதற்குப் பதில், ஏதென்ஸ் ஆம்பளை எதிரி ஊரான ஸ்பார்டாவிடமே சரணடைந்துவிடுவான்.

அவன் வாதாடிப் பார்த்தான். மழை வரும் என்றான். பயிருக்காகத்தானே விழா, வரட்டும் என்றாள். கொட்டகை ஒழுகும் என்றான். நம் வீட்டுக் கூரை ஒழுகவில்லையா என்றாள். எதைச் சொன்னாலும் அவளிடம் பதில் இருந்தது. மடங்கிப்போன ராஜாவாக நின்ற எவாகோனுக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. சாமியே வந்து சொல்ல வேண்டும்.

தோரிலஸ் என்ற நடிகனை ஹெர்மஸ் சாமி வேஷத்துக்குப் பிடித்தான். நாடகக் கிடங்கிலிருந்து கயிறும் உருளையும் இடுப்பு வாரும் கடன் வாங்கினான். மறுநாள் மாலை, மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பின்பக்கமாகக் கூரையேறி ஒளிந்துகொண்டான். முற்றத்தில் நிகாரெதே பருப்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். செருப்பில் சிறகும் தலையில் அகலத் தொப்பியுமாக, ஹெர்மஸ் சாமி ஆடி ஆடி இறங்கி, பாதியில் நின்றது.

"பெண்ணே, நான் ஹெர்மஸ். இந்த வருஷம் நீ அம்மன் விழாவுக்குப் போகலாகாது. இது தேவ வாக்கு."

நாடகத்தில் இந்த இடத்தில் எல்லோரும் மண்டியிடுவார்கள், குழல் ஊதும், கூட்டம் கலையும். இங்கே நிகாரெதே அகப்பையை ஓரமாக வைத்தாள்.

"கும்பிடறேன் சாமி. யார் சொல்லி அனுப்பினாங்க?"

ஹெர்மஸுக்கு அதற்கு வசனம் எழுதித் தரவில்லை.

"நீங்க சேதி கொண்டுவர்ற சாமிதானே. சொந்தமா எதுவும் சொல்ல மாட்டீங்களே. அம்மனா சொல்லிவிட்டா?"

"ஆ... ஆமா."

"அவ விழாவுக்கு அவளே வராதேங்கறாளா? தெருவுல எல்லாரும் போறாங்க, என் மேல மட்டும் என்ன கோவம்?"

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவசரமே இல்லை. மேலே எவாகோனின் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. தோரிலஸ் நல்ல தாட்டியான ஆள். நாடக அரங்கில் அவனைத் தூக்க ஒரு கூட்டமே நிற்கும், இங்கே ஒற்றைக் கவிஞன். கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு வழுக்கியது. சாமி ஒரு முழம் இறங்கி, திரும்ப ஏறியது. முனகக்கூட முடியாது. முனகினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நிகாரெதே கேட்டுக்கொண்டே போனாள். கடைசியில் சாமியே குரலைத் தாழ்த்தியது.

"அம்மா, வார் இடுப்பை அறுக்குது. என்ன சொல்லணுமோ நீங்களே சொல்லுங்க, நான் அப்படியே சொல்லிடறேன்."

அவள் சொன்னாள். அவன் கணீரென்று திருப்பிச் சொன்னான். நிகாரெதே விழாவுக்குப் போக வேண்டும். அவள் வரும்வரை குழாயடியில் பெண்களோடு வரிசையில் நின்று கணவன் தண்ணீர் எடுக்க வேண்டும்.

"சரி, இப்ப நிஜத்தைச் சொல்லு தம்பி. நான் போகக் கூடாதுன்னு எதுக்கு இந்தக் கூத்து?"

தோரிலஸ் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "நீங்க இல்லாம ஒரு வரி வரலையாம். அழாத குறையா சொன்னாரு."

நிகாரெதே அகப்பையைக் கையில் எடுத்தாள், கிண்டவில்லை. கஞ்சி அடிப்பிடித்தது. பிறகு, யாரையும் பார்க்காமல், "சாமியை இறக்கலாம், போதும்" என்றாள். கயிறு விட்டுப்போய் ஹெர்மஸ் விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்து அனுப்பினாள்.

சற்றுப் பொறுத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மீன் இல்லாமல் எவாகோன் வாசல் வழியாக வந்தான். யாராவது வந்தார்களா என்று விசாரித்தான்.

"ஹெர்மஸ் வந்தாருங்க."

"அப்படியா? என்ன சொன்னாரு?"

அவள் அவன் கைகளைப் பிடித்து முன்னால் இழுத்து, உரிந்த இடத்தில் ஆலிவ் எண்ணெய் தடவினாள். எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை. விழாவைச் சொன்னாள், தலையாட்டினான். தண்ணீரைச் சொன்னாள், அதற்கும் தலையாட்டினான்.

"அப்புறம் உங்க நாடகத்துக்கும் முடிவு சொல்லிட்டுப் போனாரு. ராஜா, தோத்துட்டேன்னு ராணிகிட்ட வாயால ஒத்துக்கணுமாம்."

சாமி அப்படி ஒரு வார்த்தை சொல்லவேயில்லை. சாமியையும் அவளையும் விட்டால் அதற்கு ஊரிலேயே ஒரே சாட்சி எவாகோன்தான். அவனோ அந்த நேரம் மீன் வாங்கப் போயிருந்தானாம்.