ஜி மேஜரில் ஓர் இறால் குளம்

ஐரோப்பாவின் பரோக் சங்கீதம் முந்நூறு வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்த உண்மையான ரசிகர்கள், கடைசியில் மதுரங்குளிக்கு மேற்கே, உப்புநீர்க் களப்போரத்து இறால் குளமொன்றில் கண்டுபிடிக்கப்பட்டார்கள். எங்கள் இறால் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற வகையில், அந்த வரலாற்றுச் சம்பவத்தை மிக அருகில் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

இந்த மகத்தான யோசனையைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தவர் கலாநிதி ஹில்மி. ‘நீர்வாழ் உயிரின இசை ஆலோசகர்’ என்று அவருடைய அட்டை சொன்னது. நான்கு பேர் தந்தி வாத்தியம் வாசிக்கும் பரோக் இசைப்பதிவொன்றைத் தண்ணீருக்கடியில் ஒலிக்கவிட்டால், இறால் மனக்கவலை நீங்கி மளமளவென்று வளரும் என்றார். இறாலுக்கு மனக்கவலை இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. இத்தனை காலமும் அதன் மனதை அறியாமல் தீனி போட்டிருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

உடனே பொதுக்கூட்டம் கூடியது.

“இசையெண்டா பள்ளிவாசல்ல ஒரு கதை வருமே?” என்று இழுத்தார் மூத்த உறுப்பினர் இப்றாஹிம் நானா.

“கேக்கப் போறது நாங்களா? இறால்தானே,” என்றார் தலைவர் பதியுதீன் ஹாஜியார். பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

அடுத்ததாக எந்தச் சுருதி என்ற கேள்வி எழுந்தது. “டி மைனர் சோகமானது. சோகத்திலுள்ள இறால் சாப்பிடாது,” என்று கலாநிதி விளக்கினார். “ஜி மேஜர் சந்தோஷமானது. ஆனால் சந்தோஷம் கூடினால் இறால் ஓடித் திரிந்து மெலிந்துவிடும்.”

“அப்ப என்ன சேர் செய்ற?”

“ஜி மேஜரையே மெதுவாகப் போட வேண்டும். மனநிலை, ‘நம்பிக்கையுடன் கூடிய நிதானம்’.”

வேகத்துக்கு ஒன்று, சுருதிக்கு ஒன்று, மனநிலைக்கு ஒன்று என மூன்று உபகுழுக்கள் நியமிக்கப்பட்டன. மனநிலை உபகுழு மட்டும் முதல் கூட்டத்திலேயே சண்டை பிடித்துக் கலைந்தது.

பரிசோதனைக்குச் சங்க உறுப்பினர் ரம்ஸியாவின் குளம் தெரிவானது. அறுவடைக்கு ஒரு கிழமையே இருந்ததால் இறால் நன்றாகப் பருத்திருந்தது. படத்தில் எடுப்பாக விழும். அவருடைய முந்திய இரண்டு போகமும் வெள்ளைப்புள்ளி நோயில் அழிந்திருந்தன. இதுவும் போனால் குளத்தை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட வேண்டியதுதான் என்று அவரே சொல்லியிருந்தார். புதுமையைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான குளம் எங்கே கிடைக்கும்?

“என்ட குளத்துக்கு ஒண்டும் ஆகாதே ஹாஜியார்?” என்று ரம்ஸியா கேட்டார்.

“பாட்டுக் கேட்டு மௌத்தான இறாலை எங்கயாவது கண்டீங்களா புள்ள?”

விழா நாள் காலை மப்பாக இருந்தது. களப்புப் பக்கமிருந்து துளிக் காற்று இல்லை. பந்தல், பதாகை, படப்பிடிப்பாளர் எல்லாம் தயார். ஒலிபெருக்கி பயபக்தியோடு தண்ணீரில் இறக்கப்பட்டது. இசை தொடங்கியதுமே கலாநிதியின் முகம் சுருங்கிவிட்டது.

“அது என்ன சளசளவென்று சத்தம்?”

தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்களின் சத்தம் அது.

“அதை நிறுத்துங்கள். மெதுவான பகுதி கெட்டுப்போகிறது.”

“சேர், அது இறாலுக்கு மூச்சு...” என்று தொடங்கிய இப்றாஹிம் நானாவை ஹாஜியார் ஒரு பார்வை பார்த்தார். சக்கரங்கள் நின்றன. இசை துல்லியமாகக் கேட்டது. உண்மையில் இனிமையாகவே இருந்தது.

சற்று நேரத்தில் அந்த அற்புதம் நடந்தது. ஓர் இறால் மேலே வந்தது. பிறகு பத்து, நூறு என்று வந்து, குளத்தின் மேற்பரப்பு முழுவதும் மீசைகளாக நிறைந்துவிட்டது.

“பாருங்கள்! கேட்க வருகிறார்கள்!” கலாநிதியின் கண்கள் கலங்கின.

கரையில் நின்ற நாங்கள் எல்லோரும் இறால் வளர்த்தே தாடி நரைத்தவர்கள். மூச்சு முட்டினால்தான் இறால் மேலே வரும் என்பது எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும். ஆனால் படித்த மனுசர் கண்கலங்கி நிற்கும்போது குறுக்கே பேசுவது எங்கள் பண்பாடல்ல. ஆகவே கைதட்டினோம். நான் சற்றுப் பலமாகவே தட்டினேன்.

வீட்டுக்குள் விருந்தினருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ரம்ஸியா கைதட்டலைக் கேட்டு வெளியே வந்தார். குளத்தைப் பார்த்ததும் தட்டத்தை அப்படியே போட்டுவிட்டுச் சக்கரங்களின் சுவிட்சை நோக்கி ஓடினார்.

“பொறுங்க புள்ள, இன்னும் ஒரு பகுதி இரிக்கி,” என்று ஹாஜியார் மறித்தார்.

“அது முடியிறதுக்குள்ள என்ட இறால் முடிஞ்சிரும்! தள்ளுங்க!”

ஹாஜியார் பதாகைமேல் போய் விழுந்தார். சக்கரங்கள் சுழன்றன. இறால் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. மூலையில் கொஞ்சம் செத்து மிதந்தது; மிச்சமெல்லாம் பிழைத்துக்கொண்டது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“ரசிகர்களை விரட்டிவிட்டார்,” என்றார் கலாநிதி வேதனையோடு.

ரம்ஸியா நல்ல விளைச்சலாக அறுவடை செய்து முடித்த பிறகு, கலாநிதியின் அறிக்கை பொதுக்கூட்டத்துக்கு வந்தது. சுருதி வெற்றி, மனநிலை மாபெரும் வெற்றி. வேகத்தை இன்னும் குறைத்து, எல்லாக் குளங்களிலும் சக்கரத்தை நிறுத்தி இசை வழங்க வேண்டும் என்பது அவருடைய சிபாரிசு. ஹாஜியார் முன்மொழிந்தார். வழக்கம்போல் நான் வழிமொழிந்தேன்.

ரம்ஸியா எழுந்தார். “நான் ஒரு திருத்தம் கொண்டு வாறன்.”

“சொல்லுங்க,” என்றார் ஹாஜியார், கதிரையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு.

“முதல்ல சேரும், அண்டைக்குக் கைதட்டின நானாமாரும் என்ட குளத்துல இறங்குங்க. தலைய நான் அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு அதே இசையப் போடுறன். மூச்சு முட்டி மேல வந்தீங்கண்டா, நல்லா ரசிச்சீங்கண்டு நானே அறிக்கை எழுதித் தாறன்.”